மாருதி 800, ஆம்னி, ஆல்டோ: 796 சிசி எஞ்சினோட ஸ்பெக்கை படிக்கிறது, சோதிக்கிறது, பயன்படுத்துறது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய மாருதி 800 வாங்கப் போறவங்க, ஆம்னி வச்சு ஓட்டுறவங்க, பாலிடெக்னிக்ல ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன எஞ்சின் தேடுறவங்க, இவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற எஞ்சின் சுசுகியோட 796 சிசி மூணு சிலிண்டர் எஞ்சின்தான். ஆனா "எத்தனை சிசி, எத்தனை பிஎச்பி, மைலேஜ் எவ்ளோ" இந்த மூணு கேள்வியோட பேச்சு முடிஞ்சிடுது. ஸ்பெக் ஷீட்ல அதை விட முக்கியமான நம்பர் எந்த ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எவ்ளோ டார்க் (எஞ்சினோட சுழற்றும் விசை, அதாவது இழுவை) வருதுங்கிறது. அதை ஒழுங்கா படிக்கத் தெரிஞ்சா வண்டியை எப்படி ஓட்டணும், எதுக்கு பயன்படுத்தலாம், எதுக்கு பயன்படுத்தக்கூடாது எல்லாமே அதுலயே கிடைச்சிடும். இந்த வழிகாட்டியில அதைத்தான் ஒவ்வொரு படியா பார்க்கப் போறோம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு, ஏன்னா எந்த வருஷத்து வண்டின்னு தெரிஞ்சாதான் உள்ள எந்த எஞ்சின்னு தெரியும். 1983 டிசம்பர்ல குர்கான்ல இருந்து முதல் மாருதி 800 வெளிய வந்தது, அதுல இருந்தது எஃப்8பிங்கிற எஞ்சின். 1984ல வந்த மாருதி வேன், அதாவது பின்னாடி ஆம்னின்னு பேர் மாறின வண்டி, அதுலயும் இதே எஞ்சின்தான். 2000ல வந்த ஆல்டோவுல எஃப்8டி, அதே 796 சிசிதான் ஆனா தலைப்பகுதி வேற. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரில நின்னுச்சு, ஆம்னி 2019ல, ஆல்டோ 800 2023ல. பாகிஸ்தான்ல சுசுகி மெஹ்ரான்னு ஒரு கார் 2019 வரைக்கும் ஓடுச்சே, அதுலயும் எஃப்8பிதான். நம்ம ஊர்ல ஓடின டேவூ மேட்டிஸோட எஞ்சின்கூட இதே சுசுகி குடும்பத்துல இருந்து வந்ததுதான். நாற்பது வருஷம் ஒரு எஞ்சின் குடும்பம் இப்படி ஓடுறதுக்கு காரணம் அதோட எளிமை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

படி 1: உங்ககிட்ட இருக்கிறது எந்த எஞ்சின்னு கண்டுபிடிங்க

எஞ்சின் பிளாக்ல குத்தியிருக்கிற நம்பரை பாருங்க, எஃப்8பின்னு ஆரம்பிச்சா ஒண்ணு, எஃப்8டின்னு ஆரம்பிச்சா இன்னொண்ணு. ஆயில் கறை படிஞ்சு மறைஞ்சிருக்கும், துணியில மண்ணெண்ணெய் தொட்டு துடைச்சா தெரியும். அந்த நம்பர் ஆர்சி புக்ல இருக்கிற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்போகுதான்னு அப்பவே பார்த்துக்கோங்க.

இங்க நிறைய பேர் ரெண்டு விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. பெட்ரோலை காத்தோட கலந்து அனுப்புற கார்ப்ரேட்டரா, இல்ல கம்ப்யூட்டர் சொல்றபடி இன்ஜெக்டர் வழியா பெட்ரோலை பீச்சுற எம்பிஎஃப்ஐயாங்கிறது ஒரு கேள்வி, ஆறு வால்வா பன்னிரண்டு வால்வாங்கிறது வேற கேள்வி. பழைய எஃப்8பில சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் ஆறு, கார்ப்ரேட்டர். 2000ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகினப்போ அதே ஆறு வால்வு எஞ்சின் எம்பிஎஃப்ஐக்கு மாறுச்சு. எஃப்8டில சிலிண்டருக்கு நாலு வால்வு, மொத்தம் பன்னிரண்டு. ரெண்டுலயும் மேல வால்வுகளை திறக்குற கேம்ஷாஃப்ட் ஒண்ணே ஒண்ணுதான், அதை சுத்துறது டைமிங் பெல்ட். அதனால "எம்பிஎஃப்ஐ வண்டி சார், பன்னிரண்டு வால்வு"ன்னு யாராவது 800ஐ விக்க வந்தா ரெண்டையும் தனித்தனியா சரிபாருங்க, எல்லா எம்பிஎஃப்ஐ 800உம் பன்னிரண்டு வால்வு கிடையாது. நடுவுல பன்னிரண்டு வால்வு, அஞ்சு கியரோட ஒரு 800 வந்துச்சு, அது தனி.

கார்ப்ரேட்டர் மாடல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு தகவல், ஜப்பானோட மிக்குனி கூட்டுல மறைமலைநகர்ல ஆரம்பிச்ச யூகால் கம்பெனிதான் மாருதிக்கு கார்ப்ரேட்டர் செஞ்சு குடுத்தது.

படி 2: 796ங்கிறது எங்கிருந்து வருதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க

போர், அதாவது சிலிண்டரோட விட்டம், 68.5 மிமீ. ஸ்ட்ரோக், பிஸ்டன் மேல இருந்து கீழ போற தூரம், 72 மிமீ. கால்குலேட்டர் எடுங்க. 6.85 செமீ × 6.85 × 0.7854 (வட்டத்தோட பரப்புக்கான π ÷ 4) போட்டா 36.85 சதுர செமீ, அதை 7.2ஆல பெருக்கினா ஒரு சிலிண்டருக்கு 265.3 சிசி, மூணு சிலிண்டருக்கு 796. ஜிப்சியில முதல்ல வந்த எஃப்10ஏ எஞ்சினுக்கும் இதையே போட்டுப் பாருங்க, போர் 65.5, ஸ்ட்ரோக் அதே 72, சிலிண்டர் நாலு, 970 சிசி வரும். ஒரே ஸ்ட்ரோக்கை வச்சுக்கிட்டு சிலிண்டர் எண்ணிக்கையை கூட்டிக் குறைச்சு ஒரு குடும்பமே உருவாக்கியிருக்காங்க.

போரை விட ஸ்ட்ரோக் பெருசா இருக்கிறதை கவனிங்க. இப்படி இருக்கிற எஞ்சின் பொதுவா கீழ் வேகத்துல நல்லா இழுக்கும், ரொம்ப உயர வேகத்துக்கு போகாது. 5000 ஆர்பிஎம்ல பிஸ்டன் சராசரியா எவ்ளோ வேகத்துல போகுதுன்னு பார்த்தா, ஒரு சுத்துக்கு 144 மிமீ, நிமிஷத்துக்கு 5000 சுத்து, விநாடிக்கு சரியா 12 மீட்டர். இது ரொம்ப நிதானமான வேகம், சும்மா ஓட்டுற கார் எஞ்சின்களே இதை விட நிறைய தாண்டிப் போகும். இந்த எஞ்சின் ஆயுசு நீளமா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

படி 3: கம்ப்ரஷன் ரேஷியோ

பிஸ்டன் கீழ இருக்கும்போது சிலிண்டர்ல இருக்கிற இடம், மேல வந்ததும் எத்தனை மடங்கு சுருங்குதுங்கிறதுதான் இது. எஃப்8பிக்கு 8.7க்கு 1. பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 265.3ஐ 7.7ஆல (8.7ல ஒண்ணு கழிச்சா 7.7) வகுத்தா வரும், சுமார் 34.5 சிசி. இது குறைவான கம்ப்ரஷன், அதனால சாதாரண பெட்ரோலே தாராளம். பிரீமியம் பெட்ரோல் போட்டா பிக்கப் கூடும்னு நம்பி காசு செலவு பண்ணாதீங்க, அந்த ஆக்டேனை (அழுத்தத்துல தானா வெடிக்காம தாங்குற தன்மை) பயன்படுத்துற அளவுக்கு இந்த எஞ்சின் கம்ப்ரஸ் பண்றதே இல்ல.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, பழைய கார்ப்ரேட்டர் வண்டிகளை அதுக்காக செய்யல. ஆக்டேனால பிரச்சனை இல்ல, பிரச்சனை ரப்பர்ல. ஃப்யூயல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்ப்ரேட்டர் கேஸ்கட் எல்லாத்தையும் பாருங்க, ஹோஸை விரலால அழுத்தினா கொழகொழன்னு இருந்தாலும் சரி, வெடிச்சிருந்தாலும் சரி, உடனே மாத்துங்க. ஆம்னியில எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு, அங்க பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல, அதனால இதுல மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

படி 4: டார்க், பவர், இதுதான் முக்கியமான படி

கார்ப்ரேட்டர் 800க்கு: 37 பிஎச்பி, 5000 ஆர்பிஎம்ல. 59 நியூட்டன் மீட்டர், 2500 ஆர்பிஎம்ல. ஆல்டோ 800 எஃப்8டிக்கு: 47.3 பிஎச்பி, 6000 ஆர்பிஎம்ல. 69 நியூட்டன் மீட்டர், 3500 ஆர்பிஎம்ல.

இதை படிக்க ஒரே ஒரு சூத்திரம் போதும். டார்க்கை ஆர்பிஎம்ஆல பெருக்கி 9549ஆல வகுத்தா கிலோவாட். ஒரு பிஎச்பி 0.7457 கிலோவாட்.

இப்ப 800க்கு போடுவோம். 59 × 2500 ÷ 9549 = 15.4 கிலோவாட், அதாவது 20.7 பிஎச்பி. ஆக 2500லயே மொத்த பவர்ல பாதிக்கு மேல வந்துடுச்சு. அடுத்து மேல் முனைக்கு போவோம், 37 பிஎச்பின்னா 27.6 கிலோவாட், அதை 9549ஆல பெருக்கி 5000ஆல வகுத்தா 52.7 நியூட்டன் மீட்டர். 2500ல 59 இருந்தது 5000லயும் 52.7 இருக்கு, அதாவது ஆர்பிஎம் ரெண்டு மடங்கு ஆனாலும் இழுவை பத்துல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு. காகிதத்துல 37ன்னு பார்த்து ஏளனமா நினைக்கிற எஞ்சின், சுமார் 650 கிலோ வண்டியை வச்சுக்கிட்டு நாலு கியர்லயே சந்தோஷமா ஓடினதுக்கு இதுதான் காரணம், எந்த கியர்ல இருந்தாலும் கொஞ்சம் இழுவை கையில இருக்கும்.

ஆல்டோ வேற மாதிரி. பன்னிரண்டு வால்வு இருக்கிறதால உயர வேகத்துல காத்து தாராளமா உள்ள போகும், அதனால பவர் கூடுது, ஆனா உச்ச டார்க் 2500ல இருந்து 3500க்கு தள்ளிப் போயிடுச்சு. 800 ஓட்டி பழகினவங்க ஆல்டோ 800ல ஏறினதும் "கீழ பிக்கப் இல்லையே"ன்னு சொல்றது இதனாலதான், வண்டியில கோளாறு இல்ல, 800ல மேல் கியருக்கு மாத்துற வேகத்துலயே இதுலயும் மாத்துறாங்க. ஆல்டோவை மேட்டுல ஏத்தும்போது ஒரு கியர் கீழ போட்டு 3000க்கு மேல வச்சிருங்க. 800 கார்ப்ரேட்டர்லயும் ஆம்னியிலயும் அப்படி அலற விட வேண்டியதில்ல, 2500ஐ சுத்தி வச்சிருந்தாலே போதும். ஏற்காடு கொடைக்கானல் மாதிரி மலை ரோட்டுல இந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், கிளட்ச்சும் மிச்சமாகும்.

ஆம்னிக்கு குடுத்திருக்கிற நம்பர் 34.2 பிஎச்பி, டார்க் அதே 59. பவர் குறைஞ்சாலும் இழுவை அப்படியே இருக்குங்கிறதை பாருங்க, ஆளும் சாமானும் ஏத்துற வண்டிக்கு வேண்டியது அதுதானே.

சிஎன்ஜிக்கு மாத்தினா என்ன ஆகும்? கம்பெனியே பொருத்திக் குடுத்த ஆல்டோ 800 சிஎன்ஜியோட நம்பர் 40.3 பிஎச்பி, 60 நியூட்டன் மீட்டர். வாயு சிலிண்டருக்குள்ள கூடுதல் இடத்தை அடைச்சுக்கிறதால காத்து குறைவா போகுது, அதான் இந்த இறக்கம். மைலேஜ் செலவுல லாபம், மேட்டுல நஷ்டம், ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு மாத்துங்க. வாயுவுல ஓடும்போது வால்வு சீட் சீக்கிரம் தேயும், அதனால வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தானா குறையும், இந்த இடைவெளியை ஸ்க்ரூ வச்சு சரிபண்ற (டப்பெட் செட்டிங்) எஞ்சின்ல அதை அடிக்கடி பார்த்து வைக்கணும்.

படி 5: மூணு சிலிண்டர்ங்கிறதால வர்ற குணம்

ஃபயரிங் ஆர்டர் 1-3-2. ஒவ்வொரு 240 டிகிரிக்கும் ஒரு வெடிப்பு. டைமிங் பெல்ட் பக்கம் இருக்கிறது ஒண்ணாம் நம்பர். மூணு பிஸ்டனோட மேல்கீழ் விசை ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிக்கும், ஆனா முனைக்கு முனை ஆடுற ஆட்டம் மிச்சம் இருக்கும், அதை அடக்குற பேலன்ஸ் ஷாஃப்ட் இதுல கிடையாது, எஞ்சின் மவுண்ட் ரப்பர்தான் அத்தனையும் தாங்குது. அதனால ஐட்லிங்ல லேசா ஆடினா பயப்படாதீங்க. டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் தடதடன்னா முதல்ல மவுண்ட்டை பாருங்க, எஞ்சினை பிரிக்கிற பேச்சு அப்புறம்.

ஒரு சிலிண்டர் மிஸ் ஆனா மூணுல ஒரு பங்கு பவர் போயிடும், உடனே தெரியும். எதுன்னு கண்டுபிடிக்க கார்ப்ரேட்டர் வண்டியில ஐட்லிங்ல ஒவ்வொரு பிளக் வயரா, ரப்பர் பிடி உள்ள பிளையர் வச்சு கழட்டிப் பாருங்க, எதை கழட்டும்போது சத்தம் மாறலையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எம்பிஎஃப்ஐ வண்டியில இதை செய்யாதீங்க, காயில் கெடும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அதையும் கெடுக்கும். அதுல இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க, பலன் அதேதான்.

படி 6: வாங்குறதுக்கு முன்னாடி சோதனை

வண்டியை பார்க்கப் போறப்போ எஞ்சின் குளிர்ந்திருக்கணும், முதல்லயே விக்கிறவர்கிட்ட "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே"ன்னு சொல்லிடுங்க. போனதும் பானெட்டை தொட்டுப் பாருங்க, ஆம்னின்னா சீட்டை தூக்கிப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணின உடனே ஒரு தடவை நீலப்புகை வந்து நின்னுட்டா வால்வு சீல், ஓட ஓட நீலப்புகை வந்துட்டே இருந்தா ரிங்கோ போரோ. கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகம், கார்ப்ரேட்டர்ல சோக் ஒட்டியிருக்கலாம். காலை நேரத்துல கொஞ்சம் வெள்ளை ஆவி வந்தா தண்ணிதான், ஆனா எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை வந்தா கூலன்ட் எரியுது, ஹெட் கேஸ்கட் போயிருக்கு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியை திறந்து பாருங்க, உள்ள இருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை தள்ளினா ரிங் தேய்ஞ்சிருச்சு. மூடிக்கு உள்பக்கம் காப்பி நிறத்துல குழம்பு மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம், அந்த வண்டியை விட்டுடுங்க.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், இதை தவிர்க்கவே கூடாதுன்னு சொல்வேன். கேஜ் எந்த மெக்கானிக்கிட்டயும் இருக்கும். எஞ்சினை சூடாக்குங்க, மூணு பிளக்கையும் கழட்டுங்க, ஸ்பார்க் வராம காயில் இணைப்பை எடுத்துடுங்க, எம்பிஎஃப்ஐன்னா இன்ஜெக்டர் இணைப்பையும் எடுங்க. ஒருத்தர் ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு வச்சுக்கிட்டு சில விநாடி செல்ஃப் அடிக்கணும், பேட்டரி நல்லா இருக்கணும், இல்லன்னா கேஜ் பொய் சொல்லும். மூணு சிலிண்டருக்கும் நடுவுல சதுர செமீக்கு 1 கிலோ, அதாவது சுமார் 14 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒண்ணு குறைஞ்சிருந்தா அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடிங்க, ஏறினா ரிங் தேய்மானம், ஏறலன்னா வால்வு. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைஞ்சிருந்தா நடுவுல கேஸ்கட் போயிருக்கும். ரிங் வேலைக்கும் வால்வு வேலைக்கும் செலவுல ரொம்ப வித்தியாசம், ஏன்னா முதலுக்கு எஞ்சினையே பிரிக்கணும், ரெண்டாவதுக்கு ஹெட்டை மட்டும் இறக்கினா போதும். விலை பேசுறப்போ இந்த கேஜ் ரீடிங் உங்க கையில இருக்கணும்.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, பில் இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கோங்க, வாங்கின முதல் வாரமே மாத்திடுங்க.

படி 7: வச்சுக் காப்பாத்துறது

ஹெட் அலுமினியம். ஓவர்ஹீட் ஆச்சுன்னா வளையும், வளைஞ்சா கேஸ்கட் போகும், இந்த எஞ்சின் சாகுறது பெரும்பாலும் இப்படித்தான், தேய்ஞ்சு சாகுறது குறைவு. நம்ம வெயில்ல ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்யுதான்னு மாசம் ஒரு தடவை நின்ன இடத்துல ஓடவிட்டு பாருங்க. பைப் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு அடைக்கும், கூலன்ட் ஊத்துங்க. இன்னொரு பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, "ஹீட் ஆகுது"ன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டி தூக்கிப் போடுறது. தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. தெர்மோஸ்டாட் இல்லன்னா எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகமா குடிக்கும், ஆயில்ல பெட்ரோல் கலக்கும், போர் தேயும். கெட்டிருந்தா புதுசு போடுங்க, விலை ரொம்ப கம்மி.

டப்பெட் விஷயத்துல, ஆறு வால்வு எஃப்8பில ராக்கர்ல ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும், இடைவெளியை அளக்குற மெல்லிய தகடு, அதாவது ஃபீலர் கேஜ் வச்சு செட் பண்ணலாம். குளிர்ந்த எஞ்சினுக்கு ஒரு அளவு, சூடான எஞ்சினுக்கு வேற அளவு மேனுவல்ல போட்டிருக்கும், கலக்கிடாதீங்க. லேசா டிக் டிக்னு சத்தம் வந்தா பரவாயில்ல, சத்தமே வரக்கூடாதுன்னு இறுக்கி வச்சா எக்ஸாஸ்ட் வால்வு முழுசா மூடாம கருகிடும். ஆயில் மூணு லிட்டருக்குள்ளதான் பிடிக்கும், கம்மி ஆயில்ங்கிறதால அரை லிட்டர் குறைஞ்சாலே பெரிய விஷயம், வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பாருங்க.

படி 8: காரைத் தாண்டி எதுக்கெல்லாம் பயன்படும்

ரேஸுக்கு பயன்பட்டிருக்கு. ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட் ரேஸ் கார் இந்த எஞ்சினை வச்சுத்தான் ஓடுச்சு, ஃபார்முலா ஒன் வரைக்கும் போன கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது ஸ்ரீபெரும்புதூர்ல இந்த ஃபார்முலா மாருதியிலதான், அதுலயே போடியம் ஏறினார்.

ப்ராஜெக்ட் பண்ற மாணவர்களுக்கு என் சிபாரிசு கார்ப்ரேட்டர் எஃப்8பிதான். இசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்), சென்சார், அதுக்கான வயரிங் எதுவும் வேண்டாம், பேட்டரி, இக்னிஷன், பெட்ரோல், ரேடியேட்டர் குடுத்தா ஸ்டாண்ட்ல வச்சே ஓடும். எங்க பொருத்துறதுன்னு யோசிக்கும்போது 800 எஞ்சின் குறுக்க படுத்து முன் சக்கரத்தை சுத்துது, ஆம்னியோடது நீளவாக்குல இருந்து பின் சக்கரத்தை சுத்துதுங்கிறதை மனசுல வையுங்க, எந்த கியர்பாக்ஸோட வாங்கணும்ங்கிறதை அது தீர்மானிக்கும்.

ஜெனரேட்டருக்கு? படி 4 கணக்கையே போடுங்க. நாலு போல் ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் குடுக்க 1500 ஆர்பிஎம் வேணும். அந்த வேகத்துல 59 முழுசா கிடைக்காது, 55ன்னு வச்சுக்கிட்டா 55 × 1500 ÷ 9549 = 8.6 கிலோவாட், அதுவும் முழு ஆக்சிலேட்டர்ல. கார் எஞ்சினை நாள் முழுக்க முழு லோடுல வைக்கக்கூடாது, அதனால 5 கிலோவாட்டுக்கு மேல திட்டம் போடாதீங்க. முக்கியமா கார் எஞ்சின்ல வேகத்தை தானா ஒரே அளவுல வைக்கிற கவர்னர் கிடையாது, உங்க காலுதான் கவர்னர். லோடு திடீர்னு விழுந்தா எஞ்சின் கண்ணுமண்ணு தெரியாம ஏறும், அதனால கவர்னர் பொருத்தாம ஆல்டர்னேட்டரோட இணைக்கவே கூடாது. ஓடுற காத்தும் இல்லாததால ரேடியேட்டர் ஃபேனை நேரடியா எப்பவும் ஓடுற மாதிரி குடுத்துடுங்க. மூடின அறையில ஓட்டாதீங்க, கார்ப்ரேட்டர் எஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடு நிறைய.

இந்த எஞ்சினை எடுத்து ரோட்டுல ஓடுற வேற வண்டியில மாட்டுறதா இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்க வரும், ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி புக்ல புது எஞ்சின் நம்பர் ஏறணும். எடைக்கு எடை வாங்குற எஞ்சின்னாலும் பழைய வண்டியோட ஆர்சி நகல், வித்ததுக்கு கையெழுத்து போட்ட ரசீது ரெண்டும் வாங்காம கடையை விட்டு நகராதீங்க, நம்பர் அழிச்சிருக்கிற பிளாக்கை எந்த விலைக்கும் தொடாதீங்க.